இருபத்து நாலுக்கு இருபது

கோல் அடிக்காத அணியின் ரசிகனுக்குக் கணக்கு நன்றாக வந்துவிடும். ஜெயிக்கிற டீமின் ஆட்கள் பாயிண்ட்ஸ் டேபிளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தூங்கப் போவார்கள். நாம்தான் யார் யாரிடம் தோற்க வேண்டும், எவன் எவனோடு டிரா செய்ய வேண்டும், கோல் வித்தியாசத்தில் எத்தனை பள்ளம் என்று நடு ராத்திரி வரை கூட்டிக் கழித்துக்கொண்டிருப்போம். நான் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்ப்பவன். அடுத்தவர் வரவு செலவைக் கூட்டுவதுதான் பிழைப்பு. ஆனால் 2020 ஜனவரி 6ஆம் தேதி ராத்திரி கேஸ் ரசீதின் பின்பக்கத்தில் போட்ட கணக்கு அளவுக்கு எதையும் ஆசையாகப் போட்டதில்லை.

அன்று வைகுண்ட ஏகாதசி. அயனாவரத்தில் மாமா வீட்டுக் கூடத்தில் அத்தை கண்விழிப்பதற்காக அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பரமபதம் ஆடிக்கொண்டிருந்தார். தாயக்கட்டை தரையில் உருளும் சத்தம். அதற்கு மேல் டிவி சத்தம். புவனேஸ்வரில் ஒடிசாவிடம் எங்கள் கால்பந்து அணி சென்னையின் எஃப்சி 2-0 என்று தோற்று முடித்திருந்தது. இரண்டு கோலும் முதல் பாதியிலேயே வாங்கியாகிவிட்டது. திருப்பிக் கொடுக்க மீதி நேரம் முழுக்க இருந்தும் ஒன்றும் நடக்கவில்லை. போதாக்குறைக்கு, ஒடிசா டீமில் இருந்த நந்தகுமார் சேகர் வியாசர்பாடிப் பையன். நம்ம ஊர்ப் பிள்ளை அந்தப் பக்கம், நாம் இந்தப் பக்கம்.

பத்து ஆட்டம், ஒன்பது பாயிண்ட். பத்து அணிகளில் எங்களுக்குக் கீழே புதிதாக வந்த ஹைதராபாத் மட்டும். பாக்கி இருந்தது எட்டு ஆட்டம். எட்டையும் ஜெயித்தால் 24. முதல் நான்கு இடத்துக்குள் வந்தால்தான் செமி ஃபைனல். அதற்கு முந்தைய சீசனில் நான்காவதாக வந்த நார்த்ஈஸ்ட் யுனைடெட் 29 பாயிண்ட் எடுத்திருந்தது. அதற்கும் முந்தைய சீசனில் நான்காவது இடத்துக்கு 30 தேவைப்பட்டது. ஆக 29 என்று வைத்துக்கொண்டால் இன்னும் 20 வேண்டும்.

ரசீதை மாமாவிடம் நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இருபத்து நாலுக்கு இருபது. பரீட்சையில நீ எப்பவாச்சும் வாங்கியிருக்கியாடா?"

அத்தை பரமபதத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "உங்க டீம் இங்க ஆடினாக்கூட ஏணி கிடைக்காது" என்றார். பிள்ளைகள் சிரித்தன.

மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை. ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபதுகளில் ஷாப் டீமுக்கு லெஃப்ட் அவுட் ஆடியவர். விங்கர் என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. லெஃப்ட் அவுட், இன்சைட் ரைட், சென்டர் ஃபார்வர்ட்தான். முழங்கால் போனதோடு ஆட்டம் போனது, பார்ப்பது போகவில்லை. நேரு ஸ்டேடியத்தில் அவரோடு உட்கார்ந்து மேட்ச் பார்ப்பது கொஞ்சம் கஷ்டம். எல்லோரும் பந்தைப் பார்க்கும்போது இவர் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பார். நடுக்கோட்டுக்கு நேரே நல்ல சீட் கிடைத்தாலும் வேண்டாம் என்று கோல் போஸ்ட்டுக்குப் பின்னால், மேல் வரிசைக்கு இழுத்துக்கொண்டு போவார். நடுவில் ஓட்டப்பந்தயத் தடம் வேறு இருப்பதால் அங்கிருந்து ஆட்டக்காரர்கள் பொம்மை அளவுக்குத்தான் தெரிவார்கள். "முகம் எதுக்குடா? இடைவெளி தெரியணும்" என்பார்.

அந்த சீசனில் அவர் கண்டுபிடித்த வேலை ஒன்று உண்டு. சென்னை பந்தை ஓரத்துக்குக் கொண்டுபோய் கிராஸ் போடத் தயாராகும் நொடியில், பாக்ஸுக்குள் எத்தனை நீலச் சட்டை என்று எண்ணி விரலைக் காட்டுவார். வாயால் சொல்ல மாட்டார். மடியில் வைத்த கையிலிருந்து விரல் மட்டும் எழும். அக்டோபரில் பெரும்பாலும் ஆள்காட்டி விரல் ஒன்றுதான் எழுந்தது.

அந்த ஒரு நீலச் சட்டை நெரியஸ் வால்ஸ்கிஸ். லிதுவேனியாக்காரர், 32 வயது. பத்து வருஷம் முன்னால் வந்திருக்க வேண்டியவர் என்று பின்வரிசையில் ஒருவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் சொல்லிக்கொண்டே இருந்தார். ஜேஜே லால்பெக்லுவா காயத்தால் அந்த சீசன் முழுக்க ஆடவில்லை. ஊர் அறிந்த கோல்காரர் இல்லாத இடத்தில், ஊர் அறியாத ஒருவர். கோவாவில் முதல் ஆட்டம் 3-0 தோல்வி. சொந்த மண்ணில் மும்பையோடு 0-0. ஏடிகேவிடம் 1-0 தோல்வி. பெங்களூரில் 3-0 தோல்வி. நான்கு ஆட்டம், ஒரு கோல்கூட இல்லை. அதற்கு முந்தைய சீசனில் 18 ஆட்டத்தில் இரண்டே வெற்றியோடு கடைசி இடத்தில் முடித்த அணி. அந்த நினைவு எல்லோருக்கும் பச்சையாக இருந்தது.

மும்பை ஆட்டம் தீபாவளி அன்று. அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை, ராத்திரி ஏழரை மணி. தீபாவளி ராத்திரி சென்னையில் மேட்ச் வைக்கலாம் என்று யோசித்த புண்ணியவான் யாரோ, அவர் வீட்டில் பண்டிகை கிடையாது போலிருக்கிறது. சென்ட்ரலில் இறங்கி ராஜா முத்தையா சாலை வழியாக நடந்துபோனபோது செருப்புக்கடியில் வெடித்த காகிதம் மெத்தையாகக் கிடந்தது. பெரியமேட்டுக் கடைகள் எல்லாம் சாத்தியிருந்தன. உள்ளே போனால் ஃப்ளட்லைட் வெளிச்சத்தில் புகை இறங்கி நிற்கிறது. வெளியே எங்கோ சரவெடி வெடித்தால் ஆளில்லாத மூலையிலிருந்து எதிரொலி வந்தது. கோல் விழுந்தால்தானே உள்ளேயும் சத்தம்? அதற்கு வழியில்லை. மாமா அதிரசப் பொட்டலத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு ஒற்றை விரலைக் காட்டிக்கொண்டே இருந்தார்.

என் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் வால்ஸ்கிஸைத் திட்டினார்கள். நானும் திட்டினேன். மாமா திட்டவில்லை. திரும்பி வரும்போது சொன்னார்:

"சென்டர் ஃபார்வர்ட் தபால்காரன்டா. எவனாச்சும் லெட்டர் எழுதினாத்தான் அவன் கொண்டாந்து குடுப்பான். இங்க எவன் எழுதறான்?"

கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. எழுதுவதற்கு ஆள் இருந்தார்கள். பிரேசிலிலிருந்து வந்த ரஃபேல் கிரிவெல்லாரோவின் இடது காலில் கடிதம் என்ன, காவியமே இருந்தது. ஆனால் பந்தை வாங்குவதற்காக அவர் நடுவட்டம் வரை இறங்கி வர வேண்டியிருந்தது. அங்கே வாங்கித் திரும்பிப் பார்த்தால் முன்னால் வால்ஸ்கிஸ் மட்டும் இரண்டு டிஃபெண்டர்களுக்கு நடுவில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார். லாலியன்சுவாலா சாங்டே ஓடத் தெரிந்த பையன். ஆனால் தன் கோலைக் காப்பாற்றப் பின்னால் ஓடியே பாதி மூச்சு போய்விடும். மால்டாவைச் சேர்ந்த ஆந்த்ரே ஷெம்ப்ரி எங்கே ஆடுகிறார் என்பது அவருக்கே தெரிந்ததா என்று எனக்குச் சந்தேகம். ஆளுக்கு ஆள் முப்பது கஜம். நல்ல ஆட்டக்காரர்கள், தனித்தனித் தீவுகள்.

நவம்பர் 25, திங்கட்கிழமை, ஹைதராபாத். ஐந்தாவது ஆட்டம். வேலை நாள் என்பதால் கூட்டம் இன்னும் குறைவு. தொண்ணூறு நிமிடமும் முடிந்தது, 0-0. லோக்கல் டிரெயினைப் பிடிக்க வேண்டியவர்கள் படியில் இறங்கத் தொடங்கிவிட்டார்கள். மாமா எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஒரு படி இறங்கியிருப்பார். ஷெம்ப்ரி அடித்துவிட்டார். சீசனின் முதல் கோல், ஐந்தாவது ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில். படியில் இருந்தவர்கள் யார் யாரையோ கட்டிக்கொண்டார்கள். கட்டிக்கொண்டவர்கள் கையை எடுப்பதற்குள் ஹைதராபாத்தின் மேத்யூ கில்கேலன் சமன் செய்துவிட்டார். அதுவும் கூடுதல் நேரத்திலேயே. யாரோ ஒருவர் மூவேந்தரையும் இழுத்துத் திட்டினார். அந்தத் திட்டு முடிவதற்குள் வால்ஸ்கிஸ் அடித்தார். 2-1. ஐந்தாறு நிமிடத்துக்குள் மூன்று கோல். மாமா நின்ற படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் இரண்டு விரலைக் காட்டியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கோல் எண்ணிக்கை இல்லை. கடைசிப் பந்துக்குப் பாக்ஸுக்குள் போன நீலச் சட்டைகள்.

மூன்று நாள் கழித்து ஒடிசாவோடு 2-2. இரண்டும் வால்ஸ்கிஸ். அந்த ஆட்டத்தோடு ஜான் கிரிகோரி விலகினார். ஆங்கிலேயர், ஆஸ்டன் வில்லாவை நடத்தியவர். 2018 மார்ச்சில் பெங்களூரிலேயே பெங்களூரு அணியை 3-2 என்று வென்று எங்களுக்கு இரண்டாவது கோப்பையை வாங்கிக் கொடுத்தவர். அடுத்து வந்தவர் ஸ்காட்லாந்தில் பிறந்த ஓவன் கோய்ல். கோல் வரவில்லை என்று கிரிகோரியைத் திட்டாத ஆள் இல்லை. ஆனால் கோல் வரத் தொடங்கியது அவருடைய கடைசி இரண்டு ஆட்டத்தில். கோய்ல் வந்து சாவியைத் திருப்பினார், வண்டி கிளம்பிவிட்டது என்று பிறகு எழுதியவர்களை எல்லாம் இதனாலேயே நான் சந்தேகத்தோடு படித்தேன். ஆட்கள் அதே ஆட்கள். வால்ஸ்கிஸுக்கு ஒரே வாரத்தில் கால் முளைத்துவிடவில்லை.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். டிசம்பரில் தீவுகள் நெருங்கின. கிரிவெல்லாரோ, ஷெம்ப்ரி, சாங்டே மூவரும் வால்ஸ்கிஸுக்குப் பின்னாலேயே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஆடினார்கள். பந்தைத் தொலைத்தால் ஓடித் திரும்பாமல் தொலைத்த இடத்திலேயே மொய்த்தார்கள். அவர்களுக்குப் பின்னால் அனிருத் தாபாவும் ஜெர்மன்பிரீத் சிங்கும் முன்னேறி நின்றார்கள். டிசம்பர் 20ஆம் தேதி கேரளா பிளாஸ்டர்ஸை 3-1 என்று வென்றபோது மூன்று கோலும் முதல் நாற்பது நிமிடத்திலேயே வந்துவிட்டன: ஷெம்ப்ரி, சாங்டே, வால்ஸ்கிஸ், ஆளுக்கு ஒன்று. இவ்வளவு சீக்கிரம் சந்தோஷப்பட்டுப் பழக்கம் இல்லாததால் மீதி நேரம் பயந்துகொண்டே பார்த்தோம்.

அதற்கு ஆறு நாள் கழித்துக் கோவா. டிசம்பர் 26. அன்று காலை சூரிய கிரகணம். கிரகணம் விட்டுக் குளித்துவிட்டுத்தான் சாப்பாடு என்று அத்தை உத்தரவு போட்டிருந்ததால், மாமா ஸ்டேடியத்துக்கு வந்தபோதே நாள் முழுக்கச் சரியாகச் சாப்பிடாத எரிச்சலில் இருந்தார். முதல் பாதியில் கோவா மூன்று அடித்தது. "கிரகணம் இன்னும் விடலடா" என்றார். இரண்டாம் பாதியில் ஷெம்ப்ரி ஒன்று, இரண்டு நிமிடத்தில் கிரிவெல்லாரோ ஒன்று. கோவாவின் கோரோ நான்காவதை அடித்தார். கடைசி நிமிடத்தில் கிரிவெல்லாரோ மறுபடியும். 3-4.

தோல்விதான். பாயிண்ட் பூஜ்யம்தான். ஆனால் அந்த சீசனில் நான் பார்த்த ஆட்டங்களில் நம்பிக்கை கொடுத்தது அதுதான், வென்ற ஹைதராபாத் ஆட்டம் இல்லை. லீகின் முதல் இடத்தில் முடிக்கப்போகும் அணியை இரண்டாம் பாதி முழுக்க அதன் பெட்டிக்குள்ளேயே நெருக்கியிருந்தார்கள். மாமா மூன்று விரல், நான்கு விரல் என்று காட்டிக் காட்டிக் கடைசியில் கையை மடக்கிவிட்டார். தோற்ற மேட்சிலிருந்து மாமா பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வெளியே வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

அதனால்தான் புவனேஸ்வர் தோல்வி அப்படிச் சுட்டது. 3-4 என்று தோற்றால் வாதாடலாம். 0-2க்கு என்ன வாதாடுவது? மறுபடியும் அக்டோபர் திரும்பிவிட்டதோ என்று தோன்றியது. அந்த ராத்திரிதான் ரசீதில் கணக்கு. மாமாவுக்கு ஒரு பழைய கதை கையில் இருந்தது: 2015. அந்த வருஷமும் சென்னை டேபிளின் அடியில்தான் கிடந்தது. கடைசி நான்கு லீக் ஆட்டத்தையும் வரிசையாக ஜெயித்து உள்ளே வந்தது. வெள்ளத்தில் ஊரே மூழ்கிக் கிடந்ததால் செமி ஃபைனலின் சொந்த ஊர் ஆட்டம் புனேவுக்குப் போனது. அங்கே கொல்கத்தாவை 3-0 என்று ஜெயித்து, ஃபைனலில் கோவாவிடம் தொண்ணூறாவது நிமிடம் நெருங்கும்வரை 1-2 என்று பின்தங்கியிருந்து, 3-2 என்று கோப்பையை எடுத்தது. இந்தக் கதையை மாமா வருஷத்துக்குப் பத்துத் தடவையாவது சொல்வார். நான் ஒவ்வொரு தடவையும், "அப்ப மெண்டோசா இருந்தான் மாமா" என்பேன். அந்த வருஷம் ஸ்டீவன் மெண்டோசா 13 கோல். "இப்ப இவன் இருக்கான்" என்றார் அன்று. தொடர்ந்து, "இவன் மேல எனக்குச் சந்தேகமே இல்ல. இவனுக்குப் பின்னாடி நிக்கிறவனுங்க கால் தளராம இருக்கணும்" என்றார். அத்தை சொர்க்கவாசலுக்குக் கிளம்ப வேண்டும் என்று டிவியை அணைத்தார்.

பிறகு நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியதில்லை. ஹைதராபாத்தில் 3-1. மாட்டுப் பொங்கல் அன்று இங்கே நார்த்ஈஸ்ட் மேல் 2-0. ஜாம்ஷெட்பூர் மேல் 4-1. இதில் மாட்டுப் பொங்கல் ஆட்டத்தின் முதல் கோலை மட்டும் சொல்லாமல் விட முடியாது. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், நடுவட்டத்தை ஒட்டி பந்து கிரிவெல்லாரோவிடம் வந்தது. எதிரணி கீப்பர் கோலை விட்டு முன்னே வந்து நிற்கிறார். எங்கள் இடத்திலிருந்து அந்த இடைவெளி கைக்குட்டை விரித்ததுபோல் அல்ல, வேட்டி விரித்த அளவுக்கே தெரிந்தது. கிரிவெல்லாரோ நிறுத்தவில்லை, நிமிர்ந்துகூடப் பார்த்ததாகத் தெரியவில்லை. இடது காலால் ஒரே தூக்கு. பந்து மேலே போய், ஃப்ளட்லைட் உயரத்தில் கொஞ்சம் யோசித்து, கீப்பரின் தலைக்குப் பின்னால் இறங்கியது. அந்தக் கோலுக்கு பாக்ஸுக்குள் ஒரு நீலச் சட்டையும் இல்லை. மாமா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். எந்த விரலைக் காட்டுவது?

பிப்ரவரி 1ஆம் தேதி கொச்சியில் 6-3. பார்த்தலோமியு ஒக்பெச்சே பிளாஸ்டர்ஸுக்கு ஹாட்ரிக் அடித்தும் போதவில்லை. இந்தப் பக்கம் கிரிவெல்லாரோ, வால்ஸ்கிஸ், சாங்டே ஆளுக்கு இரண்டு. முதல் நான்கு ஆட்டத்தில் ஒன்றும் அடிக்காதவர்கள் ஒரே ராத்திரியில் ஆறு. என் ஆபீசில் ஒரு மலையாளி நண்பர் மறுநாள் வாட்ஸ்அப்பில் வரவே இல்லை. எட்டு நாள் கழித்து இங்கே பெங்களூரோடு 0-0. அது என் கணக்கில் இடித்தது: இரண்டு பாயிண்ட் போய்விட்டது, இனி இன்னும் இரண்டுக்கு மேல் விட முடியாது. கொல்கத்தாவில் ஏடிகேவை 3-1 என்று வென்றதும் மறுபடி ரசீது வெளியே வந்தது.

பிப்ரவரி 21, மும்பையில் மும்பை. நான்காவது இடத்துக்கு நேருக்கு நேர் போட்டி. அன்று மகா சிவராத்திரி. (இந்த அணிக்கும் பஞ்சாங்கத்துக்கும் என்ன பந்தமோ தெரியவில்லை.) அத்தைக்கு ஏகாதசியும் உண்டு, சிவராத்திரியும் உண்டு; கண்விழிக்கச் சாக்கு கிடைத்தால் போதும். இந்தத் தடவை பரமபதம் இல்லை. அவரும் எங்களோடு உட்கார்ந்து பார்த்தார். இரண்டாம் பாதியில் மும்பைக்கு ஒரு ஆள் சிவப்பு அட்டையில் போனார். அப்படியும் கோல் வரவில்லை. பத்துப் பேரை எதிர்த்து அடிக்க முடியாமல் தடுமாறுவது பதினோரு பேரிடம் தோற்பதைவிடக் கேவலம். எழுபது நிமிடம், எழுபத்தைந்து, எண்பது. "இன்னும் எவ்வளவுடா வேணும்?" என்று மாமா கேட்கவில்லை. அவருக்கே மனப்பாடம். 83ஆவது நிமிடம் லூசியன் கோயன் அடித்தார். டிஃபெண்டர். ருமேனியாக்காரர். முன்னால் அதே மும்பைக்கு ஆடியவர். "பார்த்தியா, அவனவன் ஊட்டு ஆளே அவனவனுக்கு எமன்" என்றார் அத்தை. கால்பந்தைப் பற்றி அவர் சொல்லி நான் கேட்ட ஒரே கருத்து அது. நந்தகுமாரை நினைத்துச் சொன்னாரோ என்னவோ.

கடைசி ஆட்டம் குவாஹாட்டியில் 2-2. எட்டு ஆட்டம், ஆறு வெற்றி, இரண்டு டிரா, 20 பாயிண்ட். மொத்தம் 29. நான்காவது இடம். ஐந்தாவதாக வந்த மும்பைக்கு 26. ரசீதில் போட்ட எண்ணே வந்தது. இதில் என் திறமை ஒன்றும் இல்லை. முந்தைய வருஷத்து டேபிளைப் பார்த்து யாரும் போட்டிருக்கக்கூடிய கணக்கு. ஆனாலும் மாமா அதைத் தெருவெல்லாம் சொல்லி, ஒரு வாரம் எனக்கு ஜோசியக்காரன் மரியாதை கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன் மகள் கல்யாணத்துக்கு நாள் கேட்டார்.

செமி ஃபைனலில் கோவாவை இங்கே 4-1 என்று அடித்தோம். சனிக்கிழமை, பிப்ரவரி 29. அன்று அடித்தவர்களைப் பாருங்கள்: கோயன், தாபா, எலி சாபியா, சாங்டே. இரண்டு டிஃபெண்டர், ஒரு மிட்ஃபீல்டர், ஒரு விங்கர். வால்ஸ்கிஸ் இல்லை. கோல் எந்தக் காலிலிருந்து வேண்டுமானாலும் வரும் என்ற நிலைக்கு அந்த அணி போயிருந்தது. கோவாவில் 4-2 என்று தோற்றும் மொத்தத்தில் 6-5. ஃபைனல் மார்ச் 14. கொரோனா வந்துவிட்டது, ஃபட்டோர்டா ஸ்டேடியத்தில் ஒரு பார்வையாளர் இல்லை. டிவியில் பந்தை உதைக்கும் சத்தமும் கீப்பர்கள் கத்துவதும் பச்சையாகக் கேட்டது. ஏடிகே 3, சென்னை 1. எங்கள் ஒரு கோலை வால்ஸ்கிஸ் அடித்தார். அது அவருக்கு 15ஆவது. ஏடிகேயின் ராய் கிருஷ்ணாவுக்கும் ஒக்பெச்சேவுக்கும் அதே 15தான். தங்க பூட் இவருக்கு வந்தது. நவம்பர் வரை பூஜ்யத்தில் இருந்தவர்.

அந்தக் கோடையில் எல்லாம் கலைந்தது. கோய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். வால்ஸ்கிஸும் அவர் பின்னாலேயே போனார். ஷெம்ப்ரி போனார், கோயன் போனார். அடுத்த சீசன் முழுக்க கோவாவில், ஆளில்லாத மைதானங்களில் நடந்தது. சென்னை 20 ஆட்டத்தில் 17 கோல் அடித்தது. அதில் 11 ஆட்டம் டிரா. எட்டாவது இடம். அதற்கு அடுத்த சீசனிலும் 20 ஆட்டத்தில் அதே 17, அதே எட்டாவது இடம். எண்கள் ஒன்றாக இருந்தால் அச்சுப்பிழை என்று ஆபீசில் திருப்பி அனுப்புவோம். இது பிழை இல்லை.

இரண்டாவது 17இன் நடுவில், 2022 ஜனவரியில், வால்ஸ்கிஸ் திரும்பி வந்தார். எனக்குச் செய்தி வந்ததும் முதலில் மாமாவுக்குத்தான் போன் போட்டேன். அதே ஜனவரியில் சாங்டே மும்பைக்குப் போன செய்தியும் வந்திருந்தது. மாமாவின் முழங்கால் அதற்குள் இன்னும் மோசமாகி, வீட்டுக்குள்ளேயே கம்பு ஊன்றித்தான் நடந்தார். சந்தோஷமாகச் சொன்னேன்: "மாமா, நம்ம ஆள் வந்துட்டான். இன்னும் சான்ஸ் இருக்கு, கணக்கு சொல்லட்டுமா?"

"கணக்கு அப்புறம் சொல்லு. ஷெம்ப்ரி வரானா?"

"இல்ல மாமா."

"சாங்டே?"

"அவன் போயிட்டான்."

"அப்ப பழையபடி ஒத்தை விரல்தான்டா" என்றார். பிறகு அத்தையிடம் ஏழரைக்குள் சாப்பாட்டை எடுத்து வைக்கச் சொல்வது போனில் கேட்டது. அன்றைக்கும் மேட்ச் இருந்தது.